சூறாவளிக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

வெர்போவ்ஸ்க் நகரை நோக்கிக் கூலிப்படை வருகிறது என்ற செய்தி கிடைத்தபோது ஸோயா மத்வேயெவ்னா வரவேற்பு ரொட்டியின் நடுவில் உப்புக் கிண்ணம் உட்காரக் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டி கூலிப்படைக்காகச் சுட்டதல்ல. அன்று இளைஞர் தினம். மாகாணத் துணை ஆளுநர் வந்து சதுக்கத்தில் புதிய நீரூற்றைத் திறந்துவைக்கப் போவதாக ஏற்பாடு. நீரூற்று முழுதாகத் தயார். தண்ணீர்க் குழாய் மட்டும்தான் போடவில்லை. அதனால் புதருக்குப் பின்னால் ஒரு தீயணைப்பு வண்டியை மறைத்து நிறுத்தியிருந்தார்கள். விருந்தினர் வண்டி சதுக்கத்துக்குள் நுழைந்ததும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று அதன் ஓட்டுநருக்கு உத்தரவு. பண்பாட்டு மாளிகையில் மேடை, சிவப்புத் துணி விரித்த தலைமை மேசை, கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், பாடகர் குழு எல்லாம் காலையிலிருந்தே காத்திருந்தன.

பண்பாட்டு மாளிகைக்கு இயக்குநர் ஸோயா மத்வேயெவ்னா. கட்சிச் செயலாளர்களை இதே பூவேலைத் துண்டில் ரொட்டி ஏந்தி வரவேற்றவள். கட்சி போனபின் ஜனநாயகவாதிகளை வரவேற்றாள். அவர்களும் போனபின் பேராயரை, எண்ணெய்க் கம்பெனி முதலாளியை, ஒருமுறை பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டியவர் வழி தவறி இங்கே இறங்கிவிட்ட ஒரு விண்வெளி வீரரை. துண்டு அதே துண்டுதான். சலவை செய்தால் போதும்.

கைப்பேசி அடித்தது. மகன் கிளேப். பின்னணியில் டாங்கியின் உறுமல்.

"அம்மா, நாங்க மாஸ்கோ போறோம்."

"எதுக்கு?"

"நியாயம் கேக்க."

"அது மாஸ்கோவுலதான் இருக்குன்னு யாரு சொன்னது? சாப்பிட்டியா?"

"அம்மா, இது கலகம்மா! ஆயுதக் கலகம்! சாப்பிட்டியாங்கறே?"

"கலகக்காரனுக்கு வயிறு இல்லையா? எந்த வழியா வர்றீங்க?"

"நம்ம ஊரு வழியாத்தான். நெடுஞ்சாலையிலேயே நேரா போயிருக்கலாம். சூறாவளி திருப்பச் சொல்லிட்டாரு. சொந்த ஊரு பாக்கட்டும்னாரு."

"எந்தச் சூறாவளி?"

"எங்க தளபதிம்மா. வயர்லெஸ்ல அதான் அவரு பேரு. நிஜப்பேரு வீத்யா கப்தேலின்."

இணைப்பு அறுந்தது. ஸோயா மத்வேயெவ்னா கையில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் தட்டினாள். பிறகு, "வீத்யாவா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பயப்பட வேண்டிய நேரத்தில் சிரிப்பது நல்லதல்ல என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் வந்துவிட்டது.

கிளேப் லாரி ஓட்டுநர். யாருடைய டீசலையோ யாருக்கோ விற்றுச் சிறைக்குப் போனவன். அங்கே ஒருநாள் 'எஃகுக் கழுகு' கம்பெனி ஆட்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். பதிவுத் தாளில் அது விழாக்களுக்குக் காவல் தரும் நிறுவனம். எந்த விழா என்று யாரும் கேட்டதில்லை. டாங்கி கொடுத்ததும் அரசாங்கம், சிறையிலிருந்து ஆள் கொடுத்ததும் அரசாங்கம். ஆறு மாதம் எல்லைக்கு அப்பால் சண்டை போட்டு உயிரோடு திரும்பினால் தண்டனை ரத்து. கிளேபின் ஆறு மாதம் பனி உருகும்போதே முடிந்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு வேலை" என்று தளபதி அவனை விடாமல் வைத்திருந்தார். அந்த ஒரே ஒரு வேலை கடைசியில் சொந்த அரசாங்கத்தைக் கவிழ்ப்பதாகப் போய் முடிந்தது.

கலகத்தின் காரணத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் பல அறிஞர்கள் பின்னால் பேசினார்கள். வெர்போவ்ஸ்கில் எல்லோருக்கும் தெரிந்த காரணம் எளிமையானது. கம்பெனி ஆட்கள் நிறையப் பேரைப் பலிகொடுத்து ஒரு செங்கல் சூளையைப் பிடித்தார்கள். செய்தியில் அமைச்சகத்தின் படை பிடித்ததாக வந்தது. பதக்கமெல்லாம் செங்கல்லையே பார்க்காத தளபதிகளின் மார்பில் ஏறியது. அன்றைக்கு ஆரம்பித்த புகைச்சல்.

அடுத்த அழைப்பு மேயர் ஆர்த்தூர் பாவ்லோவிச்சிடமிருந்து. குரல் படுத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"ஸோயா மத்வேயெவ்னா, எனக்கு ரத்த அழுத்தம். ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"எந்த ஆஸ்பத்திரி? பின்னால கோழி கூவுதே."

"கிராமத்து ஆஸ்பத்திரி," என்றார் மேயர். "கவனமா கேளுங்க. வர்றவங்கள வரவேற்கணும். ஆனா ரொம்ப வரவேற்கக்கூடாது. நாளைக்கு யாரு இருப்பாங்கன்னு தெரியாது பாருங்க. அந்தப் பதாகையில என்ன எழுதியிருக்கு?"

"'துணை ஆளுநர் அவர்களே, வருக! நாங்கள் என்றும் உங்களோடு!'"

"முதல் மூணு வார்த்தைய மடிச்சு உள்ள தள்ளிக் குத்திடுங்க. மிச்சம் யாருக்கும் பொருந்தும்."

"போலீஸ் எங்க, ஆர்த்தூர் பாவ்லோவிச்?"

"சனிக்கிழமை இல்லையா? எல்லாரும் தோட்டவீட்டுக்கு வெள்ளரிச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்காங்க. நகரத்தோட பொறுப்பு உங்ககிட்டதான். நாங்க உங்கள முழுசா நம்பறோம்."

அந்த 'நாங்கள்' யார் யார் என்று ஸோயா மத்வேயெவ்னா கேட்கவில்லை. பதாகையை மடித்துக் குத்தினாள். கொதிகலன் அறைக்காரரும் அக்கார்டியன் கலைஞருமான தெமீதிச்சைக் கூப்பிட்டாள்.

"தெமீதிச், நிகழ்ச்சி உண்டு. விருந்தாளி மட்டும்தான் மாறியிருக்காங்க."

"யாரு?"

"நம்ம மூணாவது முயல்."

தெமீதிச் ஒரு கணம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மாளிகையில் தேவதாரு மர விழா நடக்கும். நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதில் ஏதாவது ஒரு வயதில் முயலாகவோ பனித்துளியாகவோ மேடை ஏறியே தீர வேண்டும். வீத்யா கப்தேலின் மூன்றாவது முயல். ஒரே ஒரு வசனம். இடுப்பில் கைவைத்து, "இந்தக் காடு இனிமே என்னோடது!" என்று கத்த வேண்டும். உடனே மரத்துக்குப் பின்னாலிருந்து கரடித்தோல் போர்த்திய தெமீதிச் உறுமுவார். முயல்கள் திரைக்குப் பின்னால் ஓட வேண்டும். வீத்யா திரையோடு நிற்கவில்லை. காதோடும் வாலோடும் வீடு வரைக்கும் ஓடிவிட்டான்.

நண்பகலுக்குச் சற்று முன் படை வந்தது. முதல் டாங்கி சதுக்கத்துக்குள் மூக்கை நுழைத்ததும் புதருக்குப் பின்னால் இருந்த தீயணைப்பு ஓட்டுநர் தன் கடமையைச் செய்தார். அவருடைய உத்தரவை யாரும் மாற்றியிருக்கவில்லை. நீரூற்று சீறிக்கொண்டு மேலே எழுந்தது. வழியெல்லாம் தடுப்புகளையும் குண்டுகளையும் எதிர்பார்த்து வந்த கலகக்காரர்கள் அதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். டாங்கியின் மேல் கறுப்பு முகமூடியோடு நின்றிருந்த தளபதி சூறாவளி தன்னை அறியாமல் கையை உயர்த்தி மக்களை நோக்கி ஆட்டினார். மக்கள் ஷவர்மாவை மென்றுகொண்டே படம் எடுத்தார்கள்.

போரில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூணை மறைத்துக்கொண்டு டாங்கி நின்றது. ஓட்டுநருக்கான திறப்பிலிருந்து எண்ணெய் அப்பிய ஒரு தலை எட்டிப் பார்த்தது. கிளேப். ஸோயா மத்வேயெவ்னா ரொட்டியை ஏந்தியபடியே அவனிடம் போனாள்.

"எறங்கு."

"முடியாதும்மா."

"உன் ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. எறங்கு."

"அம்மா, மெதுவா பேசு. வழியில எறங்கறவன எங்காளுங்க துரோகின்னுதான் சொல்லுவாங்க. துரோகிய எங்க கம்பெனியில என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாது."

"மாஸ்கோ வரைக்கும் போனா?"

"அப்ப அரசாங்கம் துரோகிங்கும்."

"ஆக, ரெண்டு பக்கமும் துரோகி ஆகாம எறங்கணும். அவ்வளவுதானே?"

"அது எப்படிம்மா முடியும்?"

"அத நான் பாத்துக்கறேன். நீ முகத்தத் தொடை. ஊரே பாக்குது."

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். ரொட்டியும் உப்பும் வந்துவிட்டால் விருந்தாளி இறங்கித்தான் ஆக வேண்டும். டாங்கியின் மேல் நின்றுகொண்டு ரொட்டி பிய்க்கிற வழக்கம் எந்த நூற்றாண்டிலும் கிடையாது. சூறாவளி இறங்கினார். துப்பாக்கி ஒரு பக்கம் இழுக்க, தோட்டாப் பட்டை இன்னொரு பக்கம் மாட்டிக்கொள்ள, கடைசி அடியைப் பின்புறமாகச் சறுக்கி முடித்தார். ரொட்டியை முத்தமிட வேண்டும், ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட வேண்டும். முகமூடியோடு இரண்டும் முடியாது. கழற்றினார்.

"அட, நம்ம வீத்யா!" என்றது கூட்டம்.

"கப்தேலின் பையன்டா! பள்ளிக்கூடக் கூரையில மாட்டிக்கிட்டானே, அவன்!"

நாடே நடுங்கும் முகம் காது வரை சிவந்தது.

"வீத்யா, நல்லா மென்னு சாப்பிடு," என்றாள் ஸோயா மத்வேயெவ்னா. "உள்ள வா. கூட்டம் ஏற்பாடு ஆகியிருக்கு."

"கூட்டமா? ஸோயா மத்வேயெவ்னா, எங்களுக்கு நேரமில்ல. நாங்க மாஸ்கோ போறோம். வரலாறு காத்துக்கிட்டு இருக்கு."

"காத்திருக்கட்டும். மேடை போட்டாச்சு. தலைமை மேசை இருக்கு. மைக் இருக்கு."

மைக் என்றதும் சூறாவளியின் கை தலைமுடியைக் கோதிக்கொண்டது.

"நல்ல மைக்கா?"

"துணை ஆளுநருக்குன்னு வாங்குனது."

மாளிகை வாசலில் முதல் மோதல் நடந்தது. உடை காப்பறையின் அரசி ரயீஸா குறுக்கே நின்றாள். மேலங்கியோடு அரங்கத்துக்குள் நுழைய அவள் யாரையும் விட்டதில்லை. ஆளுநரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். கோடையில் யாரும் அங்கி அணிவதில்லை என்பதால் மாதக்கணக்கில் வேலையில்லாமல் குமைந்துகொண்டிருந்தவள்.

"அது என்ன தோள்ல? கழட்டு."

"இது துப்பாக்கி, அக்கா," என்றான் ஆறடி ஆள் ஒருவன். கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருந்தது.

"குருட்டுக் கண்ணா எனக்கு? கழட்டிக் குடு. நம்பர் வில்லையை வாங்கிக்க. தொலைச்சா திரும்பக் கிடைக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

அந்த ஆள் பத்து நகரங்களின் சோதனைச் சாவடிகளைத் தகர்த்துக்கொண்டு வந்தவன். ஆனால் சிறுவயதிலிருந்து உடை காப்பறைப் பெண்களுக்குக் கீழ்ப்படிந்து வளர்ந்தவன். பழக்கம் முந்திக்கொண்டது. கழற்றிக் கொடுத்தான். பின்னால் வந்தவர்கள் வரிசை கட்டினார்கள். "மாட்டறதுக்கு வளையம் தச்சிருக்கா?" என்று ரயீஸா, அங்கிக்குக் கேட்பதுபோலவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கேட்டு, இல்லாதவர்களைத் திட்டினாள். அரசாங்கம் செய்ய முடியாத ஆயுதப் பறிப்பு இப்படி ஓர் எண்ணிட்ட வில்லையில் முடிந்துபோனது.

இரண்டாவது மோதல் மேடையில். தலைமை மேசையின் நடு நாற்காலியில் யார் உட்காருவது? சூறாவளியின் கீழே இரண்டு பிரிவுத் தலைவர்கள். ஒருவன் பெயர் காண்டாமிருகம், இன்னொருவன் பெயர் பிரளயம். சூளையின் புகைபோக்கியை நான்தான் பிடித்தேன் என்றான் காண்டாமிருகம். புகைபோக்கி கிடக்கட்டும், சூளையின் வாசல் யார் பிடித்தது என்றான் பிரளயம். கடைசியில் நடு நாற்காலி சூறாவளிக்கு, தண்ணீர்க் குடுவை காண்டாமிருகத்தின் பக்கம், மேசை மணி பிரளயத்தின் பக்கம் என்று உடன்பாடு ஏற்பட்டது. ஸோயா மத்வேயெவ்னா அதைச் சிரிக்காமல் நடத்தி முடித்தாள். பேராயரும் எண்ணெய்க் கம்பெனி முதலாளியும் இதைவிட மோசமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சூறாவளி பேசினார். நாட்டைப் பற்றி, துரோகத்தைப் பற்றி, வரலாற்றைப் பற்றி, மறுபடியும் துரோகத்தைப் பற்றி. மைக் உண்மையிலேயே நல்ல மைக். தன் குரல் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்கக் கேட்க அவருக்கு ஆசை கூடிக்கொண்டே போனது. படைவீரர்கள் மெத்தை நாற்காலியில் தூங்கினார்கள். அவர் கண் கலங்கியது செங்கல் சூளையைப் பற்றிச் சொல்லும்போதுதான்.

"எங்க பசங்க அங்க செத்தாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், மேடைக்குக் கூப்பிட்டு எங்களுக்கு நன்றின்னு சொன்னானா?"

அரங்கத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஸோயா மத்வேயெவ்னாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களுக்கு அரசாங்கம் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே இவர்களுக்குத் தெரியாது. இவர்களுக்கு வேண்டியது ஒரு மேடை, ஒரு கைதட்டு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரு தாள்.

தாள் அவளிடம் கட்டுக்கட்டாக இருந்தது. இளைஞர் தினத்துக்காக மாகாணத்திலிருந்து வந்த பாராட்டுப் பத்திரங்கள்: தங்க ஓரம், அரசு முத்திரையான இரட்டைத் தலைக் கழுகு, கீழே துணை ஆளுநரின் கையெழுத்து. பெயர் எழுத மட்டும் காலி இடம்.

அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள். "இப்போது பாராட்டு!" என்றாள். தெமீதிச் அக்கார்டியனில் ஒரு முழக்கம் கொடுத்தார். தூங்கியவர்கள் எழுந்தார்கள்.

எந்த அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கிளம்பினார்களோ அதே அரசாங்கம் கையெழுத்திட்ட பத்திரத்துக்காகக் கலகப்படை வரிசையில் நின்றது. 'இளைஞர் நலப் பணியில் ஆற்றிய சிறந்த பங்களிப்புக்காக' என்று அதில் அச்சடித்திருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. தங்க ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

"பேரு என்ன போடட்டும்?"

"காண்டாமிருகம்னு போடுங்க."

"நிஜப்பேரு சொல்லுப்பா. அம்மா மாட்டி வைக்க வேண்டாமா?"

காண்டாமிருகம் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "லாவ்ரிக்," என்றான். "அக்கா, மாமியாருக்கும் ஒண்ணு கிடைக்குமா? நான் உருப்படவே மாட்டேன்னு சொன்னவங்க அவங்க."

கடைசியாகச் சூறாவளி. பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கைதட்டல் உச்சத்துக்குப் போனது. ஸோயா மத்வேயெவ்னா காத்திருந்தது இந்தக் கணத்துக்காகத்தான். மைக்கை விடாமல் பேசினாள்.

"வெர்போவ்ஸ்க் மக்களே! நம்ம தளபதி இன்னைக்கு நமக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருக்காரு. அடக்கம் காரணமா அவரு சொல்லல. ஆறு மாசம் ஒழுங்கா ஓட்டி முடிச்ச நம்ம ஊரு டாங்கி ஓட்டுநர் கிளேபை, அவரு பெரிய மனசோட, எல்லா மரியாதையோடயும், இந்த மேடையிலேயே அவன் அம்மாகிட்ட ஒப்படைக்கிறாரு!"

அரங்கம் அதிர்ந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கல்யாணக் கூட்டம் ஒன்றுகூட விசில் அடித்தது. சூறாவளி நினைத்தால் இல்லை என்று சொல்லலாம். ஆனால் கைதட்டுகிற கூட்டத்தின் முன் பெரிய மனசு இல்லை என்று ஒப்புக்கொள்வதற்கு, மாஸ்கோவைப் பிடிக்கப் போகிற ஆளுக்கும் தைரியம் போதாது. அவர் மைக்கின் பக்கம் சாய்ந்தார்.

"நானே கடைசியா சொல்லலாம்னு இருந்தேன்," என்றார்.

கிளேப் மேடையேறினான். தளபதி அவனை மூன்று முறை முத்தமிட்டார். மூன்றாவது முத்தத்தின்போது காதருகே, "டேய், டாங்கிய யாருடா ஓட்டுவா?" என்று பல்லைக் கடித்தார்.

அது நியாயமான கேள்வி. அந்தப் பழைய டாங்கியின் கியர் கிளேபின் கைக்கு மட்டும்தான் படியும். பிரளயத்தின் ஆள் ஒருவன் ஏறி முயன்றான். டாங்கி ஒருமுறை குதித்துப் பூப்பாத்தியை நசுக்கிவிட்டு அணைந்துபோனது. "இருக்கட்டும், மத்தது போதும்," என்றார் சூறாவளி. கிளம்பும் முன் எல்லோரும் வழக்கப்படி ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தார்கள். உட்காராமல் பயணம் கிளம்பினால் விளங்காது. ரயீஸா துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தாள். வில்லையைத் தொலைத்த ஒருவன் மட்டும் கெஞ்சிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு கலகத்துக்குப் போனான்.

பிறகு சதுக்கத்தில் சனிக்கிழமை தொடர்ந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து புதுமணத் தம்பதிகள் நினைவுத்தூணுக்குப் பூ வைக்க வந்தார்கள். தூணை டாங்கி மறைத்திருந்தது. சதுக்கத்தில் ஒரு டாங்கி நிற்கிறதென்றால் அது நினைவுச்சின்னமாகத்தான் இருக்க முடியும் என்று இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். அதன் மேலேயே பூ வைத்தார்கள். அடுத்த தம்பதி பீரங்கிக் குழலில் வெள்ளை ரிப்பன் கட்டியது. சாயங்காலத்துக்குள் டாங்கி பூக்கடைபோல் ஆகிவிட்டது.

கிளேப் மாளிகையின் சமையலறையில் அமர்ந்து அம்மா சுட்ட முட்டைக்கோஸ் பணியாரங்களை விழுங்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அவங்க ஜெயிச்சுட்டா? நான் மட்டும் இங்க பணியாரம் தின்னுக்கிட்டு இருந்தேன்னு ஆயிடும்."

"ஜெயிக்க மாட்டாங்க."

"எப்படிச் சொல்றே?"

"வீத்யாவ நான் மேடையில பாத்திருக்கேன். வசனம் வரைக்கும் பிரமாதமா சொல்லுவான்."

சூரியன் இன்னும் இறங்காத நேரத்தில் மறுபடியும் உறுமல் கேட்டது. இம்முறை வடக்கிலிருந்து. தீயணைப்பு ஓட்டுநர் விடுப்பு கிடைக்காத கடுப்பில் இருந்தாலும் உத்தரவை மறக்கவில்லை, நீரூற்று எழுந்தது. 'எஃகுக் கழுகு' கம்பெனி முதலாளியும் அரசாங்கமும் தொலைபேசியில் பேசிச் சமாதானம் ஆகிவிட்டார்களாம். எல்லோரும் முகாமுக்குத் திரும்ப வேண்டுமாம், எல்லோருக்கும் மன்னிப்பாம். காலையில் துரோகம் என்று சொன்ன அதே தொலைக்காட்சி அறிவிப்பாளர், மாலையில் மனக்கசப்பு என்றார்.

சூறாவளி மாளிகையின் பின்வாசலுக்கு வந்தார். முகமூடி போட்டிருந்தார். ஆனால் வாசலில் நின்ற விதத்திலேயே யார் என்று தெரிந்தது.

"டாங்கிய எடுக்கணும்," என்றார். பிறகு கிளேபைப் பார்த்து, "ஏறு. கிளம்பு," என்றார்.

கிளேபின் கையிலிருந்த பணியாரம் தட்டில் விழுந்தது.

"மேடையில சொன்னது என்ன ஆச்சு, வீத்யா?" என்றாள் ஸோயா மத்வேயெவ்னா.

"அது அப்ப. இப்ப என் ஆள் எல்லாரும் கணக்குல வரணும். ஒருத்தன் குறைஞ்சா முகாம்ல என்னத்தான் கேப்பாங்க. ஏறுடா." அவர் கை துப்பாக்கிப் பட்டையில் இருந்தது. காலையில் இருந்த ஆளைவிட இவர் ஆபத்தானவர். தோற்றுத் திரும்புகிறவனுக்கு யார் மேலாவது ஜெயித்தாக வேண்டும்.

கிளேப் எழுந்தான். "விடும்மா," என்றான் மெதுவாக.

ஸோயா மத்வேயெவ்னா அவனைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தாள். பிறகு உடையலங்கார அறைக்குள் போய்ப் பெரிய கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துவந்து தளபதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பேச்செல்லாம் அப்புறம். கிளம்பிப் போனவன் பாதியில திரும்பி வந்திருக்கே. கண்ணாடி பாத்தியா?"

சூறாவளி தடுமாறினார். பாதி வழியில் திரும்பி வந்தவன் கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டாவிட்டால் அடுத்த பயணம் வினையாக முடியும். இதைப் பால்குடி வயதிலிருந்து எல்லோரும் செய்கிறார்கள். மூன்று தாயத்து கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் டாங்கி ஏறாத ஒரு தளபதி செய்யாமல் விட முடியுமா?

"படையே திரும்பியிருக்கு," என்றாள் அவள். "எல்லாருக்கும் சேத்து நீதான் செய்யணும். முகமூடியோட செஞ்சா பலிக்காது."

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. முகமூடியைக் கழற்றினார். புழுதியும் வியர்வையும் படிந்த வட்ட முகம் கண்ணாடியில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்.

"கண்ணத் தொறந்து."

திறந்தார். நீட்டினார். நீட்டிய நாக்கோடு தன்னையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"உன் வசனம் ஞாபகம் இருக்கா, வீத்யா?"

நாக்கு உள்ளே போனது. "இந்தக் காடு இனிமே என்னோடது," என்றார், கேட்கக் கேட்கத் தேய்கிற குரலில். பின்கட்டில் கொதிகலன் குழாயைத் தட்டிக்கொண்டிருந்த தெமீதிச்சுக்கு அது காதில் விழுந்ததோ, பழக்கதோஷமோ, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு உறுமல் உறுமினார். தளபதியின் ஒரு கால் வாசல்படிக்கு வெளியே போய்விட்டது.

முதலில் சிரித்தது கிளேப். பிறகு சூறாவளியே சிரித்தார்; கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்த வாயால் மறுபடி "ஏறுடா" என்று உத்தரவு போட முடியவில்லை.

"வெச்சுக்கோங்க உங்க பையனை," என்றார். "மேடையில குடுத்தது குடுத்ததுதான். நானே ஓட்டிக்கறேன். கூட்டுப்பண்ணை டிராக்டர் ஓட்டுனவன்தானே நானும்." வாசலில் தயங்கினார். "ஸோயா மத்வேயெவ்னா... அந்த மேசையில என் பத்திரத்த மறந்துட்டுப் போயிட்டேன். அது இன்னும் செல்லுமா?"

"ஏன் செல்லாது? அரசாங்கம் மாறலையே," என்றாள் அவள்.

ரிப்பனும் ரோஜாவுமாக டாங்கி சதுக்கத்தைவிட்டுப் போனது. வழியில் நீரூற்றின் விளிம்பை இடித்தது. ஒரு பூப்பாத்தியும் இந்த விளிம்பும்: கலகத்தில் அரசாங்கத்துக்கு ஏற்பட்ட சேதம் அந்த ஊரில் அவ்வளவுதான்.

மறுநாள் மேயரின் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பதாகையின் மடிப்பைப் பிரித்துவிட்டார்கள். கலகத்தன்று விமானத்தில் ஏறி ஏதோ அவசர ஆலோசனைக்குப் போயிருந்த துணை ஆளுநர் வந்து இறங்கினார். ஸோயா மத்வேயெவ்னா அதே துண்டில் அதே ரொட்டியை ஏந்தி நின்றாள். பிய்த்த பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். துணை ஆளுநர் மைக்கைப் பிடித்து, அந்தக் கடினமான நாளில் தாம் நகர மக்களோடு தோளோடு தோள் நின்றதைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசி முடித்ததும், இவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று மேயர் பரபரத்தார். பத்திரக் கட்டில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. பெயரை எழுதிக் கொடுத்தார்கள். துணை ஆளுநர், துணை ஆளுநரே கையெழுத்திட்ட பாராட்டை மனம் நெகிழ்ந்து வாங்கிக்கொண்டார்.

பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில், பூவேலைச் சட்டை தோளில் இறுக, கிளேப் நின்றிருந்தான். அவனுக்குச் சுருதி சேராது. அம்மா முதல் வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மட்டும் அசைத்தான்.